பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைக்குக் கல்லூரி உதவித்தொகை, கல்விக்கடன்: மதுரைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

உதவித்தொகை கிடைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் தகுதிக் குறைவு அல்ல. ஆதாரில் ஒரு பெயர், மார்க் ஷீட்டில் இன்னொரு பெயர். வருமானச் சான்று போன வருடத்தது. பணம் வந்து சேர வேண்டிய வங்கிக் கணக்கு எட்டாம் வகுப்பில் தொடங்கியது, அதன்பின் யாரும் தொடாதது. இவை எல்லாமே ரிசல்ட் வருமுன் சரிசெய்யக்கூடியவை. ரிசல்ட் வந்த பிறகு இ-சேவை மையமும் ஆதார் மையமும் நிரம்பி வழியும். அந்த நேரத்தில் பத்து நாள் தாமதம்கூடக் கலந்தாய்வில் கிடைக்க வேண்டிய சலுகையைப் பறித்துவிடும். அதனால் பொதுத்தேர்வு எழுதும் ஆண்டின் ஜனவரியிலேயே இந்த வேலையைத் தொடங்குங்கள். பிள்ளை படிக்கட்டும். அலைச்சலை வீட்டுப் பெரியவர்கள் ஏற்றுக்கொள்ளலாம். கைரேகைக்கும் கையெழுத்துக்கும் மட்டும் பிள்ளையைக் கூட்டிப் போனால் போதும்.

ஜனவரியில்: பெயரும் வங்கிக் கணக்கும்

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றுக்கும் அதுவே அடிப்படை. அச்சாகி வந்துவிட்ட அந்தச் சான்றிதழைத் திருத்துவதைவிட ஆதாரை அதற்கு ஏற்ப மாற்றுவது எளிது. சான்றிதழில் 'கார்த்திகா எம்' என்றும், ஆதாரில் 'கார்த்திகா முருகன்' என்றும் இருந்தால் இணையதளம் இருவரையும் வேறு வேறு ஆளாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறை. ஆகவே எழுத்துக்கு எழுத்து எழுதிக்கொண்டு போங்கள். மையத்தில் தட்டச்சு செய்ததைக் காட்டச் சொல்லிப் படித்துப் பார்த்த பிறகே சம்மதம் சொல்லுங்கள். பிளஸ் டூ நாமினல் ரோலில் (பள்ளி அனுப்பும் தேர்வர் பெயர்ப்பட்டியல்) எழுத்துப் பிழை தெரிந்தால், அது பள்ளியில் இருக்கும்போதே தலைமையாசிரியரிடம் சொல்லித் திருத்துங்கள்.

15 வயதில் செய்ய வேண்டிய கட்டாயக் கைரேகை, கருவிழி, முகப்படப் புதுப்பிப்பைப் பல வீடுகளில் மறந்துவிடுகிறார்கள். ஐந்து வயதில் எடுத்த முகத்தோடு பதினேழு வயது முகம் ஒத்துப்போகாது. மத்திய அரசின் தேசிய உதவித்தொகைத் தளத்தில் பதிவு செய்ய முகத்தைக் காட்டித்தான் உறுதிப்படுத்த வேண்டும்; புதுப்பிக்காதவர்கள் முதல் படியிலேயே நின்றுபோவார்கள்.

வங்கிக் கணக்கில்தான் மிக அதிகமான தொகை தேங்குகிறது. கணக்கு மாணவர் பெயரில் இருக்க வேண்டும். அப்பாவின் கணக்கு செல்லாது. பள்ளி உதவித்தொகைக்காகச் சிறு வயதில் தொடங்கிய கணக்கு என்றால் இரண்டு விஷயம் பாருங்கள். இரண்டு ஆண்டு பணம் போட்டு எடுக்காமல் இருந்தால் அது செயலற்ற கணக்காகியிருக்கும், கே.ஒய்.சி (அடையாள, முகவரி ஆவணங்கள்) கொடுத்து உயிர்ப்பிக்க வேண்டும். 18 வயது நிறைந்ததும் மைனர் கணக்கை மேஜர் கணக்காக மாற்றிப் புதிய கையெழுத்து கொடுக்க வேண்டும். மாற்றாவிட்டால் வங்கி முடக்கி வைக்கலாம்.

அடுத்தது ஆதார் இணைப்பு. இதில் இரண்டு வகை உண்டு என்பதை வங்கிக் கவுன்டரிலேயே சில நேரம் தெளிவாகச் சொல்ல மாட்டார்கள். கே.ஒய்.சிக்காக ஆதார் நகல் வாங்கி வைத்திருப்பது ஒன்று. அரசுப் பணம் வருவதற்கு என்.பி.சி.ஐ (தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம்) பதிவேட்டில் அந்தக் கணக்கை இணைப்பது வேறு. இந்த இரண்டாவதுதான் சீடிங். 'ஆதார் லிங்க் ஆகியிருக்கா' என்று கேட்டால் முதலாவதை நினைத்து 'ஆமாம்' என்பார்கள். 'டி.பி.டிக்கு (அரசுப் பணம் நேரடியாகக் கணக்குக்கு வருவது) ஆதார் சீடிங் செய்ய வேண்டும்' என்று சொல்லிப் படிவம் கேளுங்கள். பிறகு மை ஆதார் தளத்தில் வங்கி சீடிங் நிலையைத் திறந்து வங்கியின் பெயரும் 'ஆக்டிவ்' என்பதும் தெரிகிறதா என்று நீங்களே பாருங்கள். ஓர் ஆதாருக்கு ஒரு வங்கிதான் இருக்க முடியும். கல்லூரியில் சேர்ந்ததும் வளாகத்து வங்கியில் புதுக் கணக்கு தொடங்கும்போது சீடிங் அங்கே மாறிவிட்டால், பணம் அங்கே போய்விடும். பழைய பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு 'வரவே இல்லை' என்று காத்திருப்பீர்கள்.

பிப்ரவரி, மார்ச்சில்: சான்றிதழ்கள்

சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று நான்கும் இ-சேவை வழியாகத்தான். ஒவ்வொன்றுக்கும் இ-சேவை மையக் கட்டணம் 60 ரூபாய். முதலில் ஆதார் எண்ணைக் கொண்டு 'கேன்' என்ற விண்ணப்பதாரர் பதிவு எண் ஒன்று உருவாக்குவார்கள். அது ஒரு முறை எடுத்தால் போதும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக மேலே போகும். வருமானம், முதல் பட்டதாரி இரண்டிலும் மண்டல துணை வட்டாட்சியர் கையொப்பமிடுவார். பட்டியல் சாதியினருக்கான சாதிச் சான்று வட்டாட்சியரிடமும், பழங்குடியினருக்கானது கோட்டாட்சியரிடமும் போகும். பழங்குடிச் சான்றுக்கு நாள் அதிகம் பிடிக்கும் என்பதால் அதை எல்லாவற்றுக்கும் முன்னால் போடுங்கள்.

வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும். ஜனவரியில் வாங்கினால் அடுத்த ஜனவரியில் காலாவதி. கல்லூரி உதவித்தொகை விண்ணப்பங்கள் அக்டோபர், நவம்பர் வரைகூட இழுக்கும். அதனால் இந்த ஒன்றை மட்டும் மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ வாங்குவது நல்லது. அப்பா, அம்மா இருவரின் வருமானமும் சேர்ந்தே கணக்கு. சம்பளக்காரர்களுக்குச் சம்பளச் சீட்டு போதும். விவசாயம், கொத்து வேலை, பூ வியாபாரம், நூறு நாள் வேலை என்று நிலையில்லாத வருமானம் உள்ள வீடுகளில் கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து எழுதுவதே தொகை. அவரை நேரில் பார்த்து உண்மை நிலையைச் சொல்லுங்கள். ஒரே ஆண்டில் ஒரு விண்ணப்பத்துக்கு 72,000, இன்னொன்றுக்கு 1,20,000 என்று இரண்டு சான்று வாங்காதீர்கள். பின்னால் சரிபார்க்கும்போது இரண்டுமே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

முதல் பட்டதாரிச் சான்றுக்கு அப்பா வழி, அம்மா வழித் தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் எல்லாருடைய படிப்பும் கேட்கப்படும். படித்தவர்களின் மாற்றுச் சான்றிதழ் கையில் இருந்தால் விசாரணை விரைவாக முடியும். ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே இந்தக் கல்விக் கட்டணச் சலுகை. அக்கா ஏற்கெனவே இதை வைத்துப் பொறியியல் சேர்ந்திருந்தால், அவர் இன்னும் பட்டம் வாங்காவிட்டாலும் தம்பிக்குக் கிடையாது. இந்தச் சான்று தொழிற்படிப்புகளுக்கான ஒற்றைச்சாளரக் கலந்தாய்வில் சேர்வோருக்குத்தான் பயன்படும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவர்கள் கையில் வைத்திருந்தாலும் பலனில்லை. கலந்தாய்வு விண்ணப்பத்திலேயே 'ஆம்' என்று குறித்துச் சான்றை ஏற்ற வேண்டும். விண்ணப்பத்தில் விட்டுவிட்டுக் கல்லூரியில் போய்க் காட்டினால் எடுபடாது.

பள்ளியிலிருந்து வாங்க வேண்டியது ஒன்று இருக்கிறது: 6 முதல் 12 வரை எந்தெந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்பதற்கான சான்று. இடையில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியாக வாங்குங்கள். எமிஸ் என்ற பள்ளி மாணவர் இணையப் பதிவில் ஓராண்டு விடுபட்டிருந்தாலோ, தவறாகத் தனியார் பள்ளி என்று பதிந்திருந்தாலோ பள்ளியிலேயே திருத்தச் சொல்லுங்கள். மே மாதம் ஆசிரியர்கள் விடுமுறையில் போய்விட்டால் இதற்கு ஆள் கிடைக்காது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் கையில் இருப்பது பெரிய சொத்து. பொறியியல், வேளாண்மை, சட்டம், கால்நடை, மீன்வளம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் இடஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. மருத்துவத்தில் 2020 முதல். பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் இந்த ஒதுக்கீட்டில் சேர்வோரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. மாநகராட்சிப் பள்ளியும், உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கத்துக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் அரசுப் பள்ளிக் கணக்கில்தான் வரும். 'எங்க ஸ்கூல் கவர்மென்ட் ஸ்கூல் இல்ல, கள்ளர் ஸ்கூல்' என்று இந்த இடத்தை நிரப்பாமல் விட்டுவிடாதீர்கள். அரசு உதவி பெறும் பள்ளி மட்டும் இதில் சேராது.

மாதம் 1,000 ரூபாய்த் திட்டம் இரண்டு. பெண்களுக்குப் புதுமைப் பெண், 2022 செப்டம்பர் 5 முதல். ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட் 9 முதல். இவற்றில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளோடு, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். வருமான வரம்பு இல்லை. தனியாக எங்கும் அலைய வேண்டாம். கல்லூரி அலுவலகம் யூமிஸ் என்ற கல்லூரி மாணவர் பதிவுத் தளத்தில் பதிவு செய்யும். சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தப் பணியைப் பார்க்கும் ஆசிரியர் யார் என்று கேட்டு, எமிஸ் எண்ணையும் ஆதாரையும் கொடுத்துவிடுங்கள். தொலைநிலைக் கல்விக்கு இது கிடையாது.

மற்ற உதவித்தொகைகள்

பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப வருமான வரம்பு 2.5 லட்சம். மாணவரின் ஆதார் இணைந்த கணக்குக்கே பணம் வரும். கல்லூரிக்கு உரிய கட்டணமும் அதில் கலந்து வரும்போது அதைக் கட்ட வேண்டியது மாணவர் பொறுப்பு. செலவாகிவிட்டால் கடைசி செமஸ்டரில் மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போகும்போதுதான் பாக்கி தெரியவரும். பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினர் வகுப்புகளுக்கான உதவித்தொகைகளும் யூமிஸ் வழியாகவே போகின்றன.

பிளஸ் டூவில் தம் பாடப்பிரிவில் முதல் 20 விழுக்காட்டுக்குள் மதிப்பெண் எடுத்து, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். பட்டப் படிப்பின் முதல் மூன்றாண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். நாடு முழுவதும் ஆண்டுக்கு 82,000 பேருக்கு, பாதி பெண்களுக்கு. கலை, வணிகவியல் பிரிவு எடுத்தவர்கள் 'இதெல்லாம் சயின்ஸ் குரூப்புக்கு' என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இடங்கள் அறிவியல், வணிகம், கலை மூன்றுக்கும் 3:2:1 என்ற கணக்கில் பிரித்தே ஒதுக்கப்படுகின்றன. விண்ணப்பித்துப் பாருங்கள். முதலாண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

பொறியியலோ பாலிடெக்னிக்கோ சேரும் பெண்ணுக்கு ஏ.ஐ.சி.டி.இயின் (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) பிரகதி உதவித்தொகை இருக்கிறது: ஆண்டுக்கு 50,000 ரூபாய், குடும்ப வருமான வரம்பு 8 லட்சம், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை. 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்குச் சக்ஷம், அதே தொகை. 4 லட்சம், 5 லட்சம் வருமானம் இருப்பதால் மற்ற திட்டங்களுக்கு வெளியே நிற்கும் வீடுகள் இந்த இரண்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் அப்பாவோ அம்மாவோ பதிவு செய்திருந்தால் பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்கும் உதவி உண்டு. பதிவு புதுப்பிக்கப்பட்டு உயிரோடு இருக்க வேண்டும். அட்டையில் தேதி பாருங்கள்.

தேசிய உதவித்தொகைத் தளத்தில் ஒருவருக்கு ஒரே ஒரு ஓ.டி.ஆர் (ஒருமுறைப் பதிவு) எண்தான். கைபேசி எண்ணைத் தொலைத்துவிட்டு, அல்லது நெட் சென்டர்க்காரர் தன் எண்ணைக் கொடுத்துப் பதிந்துவிட்டு, அடுத்த ஆண்டு ஓ.டி.பி வராமல் திண்டாடுவது அடிக்கடி நடக்கிறது. வீட்டில் மாறாமல் இருக்கும் ஓர் எண்ணைக் கொடுங்கள். விண்ணப்பத்தை அனுப்பியதோடு வேலை முடிந்ததென்று இருந்துவிடாதீர்கள். கல்லூரியின் பொறுப்பு அதிகாரி தளத்தில் சரிபார்த்து மேலே அனுப்பினால்தான் அது உயிர்பெறும். அவரிடம் நகலைக் கொடுத்து, ஒரு வாரம் கழித்து நிலையைத் திறந்து பார்த்து, 'டிஃபெக்ட்' என்று திருப்பியிருந்தால் கடைசித் தேதிக்குள் திருத்தி அனுப்புங்கள்.

ஒன்றை வாங்கினால் இன்னொன்று போகுமா?

சில திட்டங்கள் ஒன்றோடொன்று சேரும், சில சேராது. 12,000 ரூபாய் மத்திய உதவித்தொகையின் விதி, வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ பெறக்கூடாது என்கிறது. பிரகதிக்கும் இத்தகைய நிபந்தனை உண்டு. அதனால் கிடைக்கக்கூடியதை எல்லாம் ஒரு தாளில் எழுதி, நான்காண்டுக்கும் மொத்தம் எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை வரும் பெரிய தொகையைவிட, கல்லூரி கேட்கும் கட்டணத்திலேயே கழிந்துவிடும் சலுகை பல வீடுகளுக்கு நல்லது. கையில் பணம் இல்லாத ஜூன், ஜூலை மாதத்தில் அதுதான் தாங்கும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் தொகை மற்ற உதவித்தொகை பெறுவோருக்கும் தரப்படுகிறது. ஆனால் மத்தியத் திட்டத்தின் உறுதிமொழியில் கையெழுத்திடுமுன் கல்லூரிப் பொறுப்பு அதிகாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டிலும் பணம் வாங்கியபின் ஒன்றைத் திருப்பிக் கட்டச் சொன்னால் சிரமம்.

எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா?

மதுரையின் பழைய கல்லூரிகள் பலவற்றில் ஒரே வளாகத்தில், ஒரே பெயரில் அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கும். ஒரே பி.காம், காலை ஷிப்டில் ஒரு கட்டணம், மாலையில் பல மடங்கு. உதவித்தொகை விதிகளும் இரண்டுக்கும் ஒன்றல்ல. 'அந்தக் காலேஜில் சீட் கிடைச்சிருச்சு' என்ற மகிழ்ச்சியில் எந்தப் பிரிவு என்று கேட்காமல் முன்பணம் கட்டிவிடாதீர்கள். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால், பிள்ளை விரும்பும் பாடம் அங்கே இருக்கும்போது, அதை முதலில் எடைபோடுங்கள்.

விடுதியைப் பலர் உதவித்தொகைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பேரையூரிலிருந்தோ கமுதியிலிருந்தோ மதுரைக்குப் படிக்க வரும் பிள்ளைக்குக் கட்டணத்தைவிடத் தங்கும் செலவுதான் அதிகம். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத் துறைகளின் கல்லூரி விடுதிகளில் உணவும் தங்குமிடமும் இலவசம். பிற்படுத்தப்பட்டோர் துறை விடுதிகளுக்கு வருமான வரம்பு 2.5 லட்சம், வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே குறைந்தது 8 கிலோமீட்டர் தூரம் இருக்க வேண்டும். பெண்களுக்குத் தூர நிபந்தனை இல்லை. கல்லூரிச் சேர்க்கைச் சீட்டு கைக்கு வந்த அன்றே விடுதிக் காப்பாளரைப் பார்த்து விண்ணப்பம் வாங்குங்கள். இடங்கள் குறைவு.

கல்விக்கடன்

மேலே சொன்னதையெல்லாம் கழித்தபின் எவ்வளவு குறைகிறதோ அதற்கு மட்டும் கடன். 4 லட்சம் வரை பிணையும் இல்லை, நாம் போட வேண்டிய பங்குத் தொகையும் இல்லை. அதற்கு மேல் உள்நாட்டுப் படிப்புக்கு 5 விழுக்காடு நம் பங்கு. 7.5 லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்பார்கள். கல்விக் கட்டணம் மட்டுமல்ல, விடுதி, தேர்வு, நூலகம், புத்தகம், லேப்டாப் வரை கடன் மதிப்பீட்டில் சேர்க்கலாம். நன்கொடை சேராது. கல்லூரியில் ஃபீஸ் ஸ்ட்ரக்சர் வாங்கும்போது முழுப் படிப்புக்கும் ஆண்டுவாரியாக, முத்திரையோடு வாங்குங்கள். முதலாண்டுக்கு மட்டும் வாங்கிக் கொடுத்தால் கடனும் முதலாண்டுக்கு மட்டும் அனுமதியாகி, அடுத்த ஆண்டு மறுபடியும் அலைய வேண்டிவரும்.

தேசியத் தரவரிசையில் உள்ள குறிப்பிட்ட கல்லூரிகளில் தகுதி அடிப்படையில் சேர்ந்தவர்களுக்குப் பிரதம மந்திரி வித்யாலட்சுமி திட்டம், 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்றது. பிணையோ ஜாமீன்தாரோ இல்லாமல் கடன் தருகிறது. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு இல்லை. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் 3 விழுக்காடு வட்டி மானியம். வேறு அரசு உதவித்தொகை பெறுவோருக்கு இந்த 3 விழுக்காடு கிடைக்காது. தொழில், தொழில்நுட்பப் படிப்பில் சேர்ந்து வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் அந்தக் காலத்து வட்டி முழுவதும் மானியம். உங்கள் கல்லூரி பட்டியலில் உண்டா என்பதை இந்தத் திட்டத்தின் தளத்திலேயே பார்க்கலாம். பட்டியல் ஆண்டுதோறும் மாறும். வட்டி மானியம் தானாக வராது. கடன் அனுமதியாகும்போதே வருமானச் சான்றைக் கொடுத்து, மானியத்துக்குப் பதியச் சொல்லி, ரசீதோ கையொப்பமோ வாங்குங்கள்.

கடன் மறுக்கப்படுவதற்கு அதிகம் காரணமாவது பெற்றோரின் சிபில், அதாவது பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினார்களா என்ற பதிவு. மகளிர் குழுக் கடனில் இரண்டு தவணை தவறியிருக்கும், நகைக்கடன் கெடு தாண்டியிருக்கும், எப்போதோ யாருக்கோ போட்ட ஜாமீன் நிலுவையில் நிற்கும். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். ஜனவரியிலேயே எடுத்துப் பார்த்தால் தவணையை முடித்து, 'கடன் தீர்ந்தது' கடிதம் வாங்கி, பதிவைச் சரிசெய்ய நாள் இருக்கும்.

விண்ணப்பத்தை இணையதளத்தில் போடுங்கள்; கிளையில் வாய்மொழியாகக் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். 'உங்க ஏரியா இந்தக் கிளையில வராது' என்பதைக் காரணமாகக் காட்டிக் கல்விக்கடனை மறுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே சொல்லிவிட்டது. மறுப்பதானால் மேலதிகாரியின் ஒப்புதலோடு, காரணத்தோடு தெரிவிக்க வேண்டும் என்பது வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்திலேயே இருக்கிறது. எழுத்தில் கேளுங்கள். மதுரை மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி கனரா வங்கி. எந்த வங்கி இழுத்தடித்தாலும் முன்னோடி வங்கி மேலாளரிடம் விண்ணப்ப எண்ணோடு முறையிடலாம். மாவட்ட நிர்வாகம் கல்விக்கடன் முகாம் நடத்தும் நாளில் பல வங்கிகள் ஒரே இடத்தில் உட்காரும். அங்கே போகும்போது எல்லா நகலும் மூன்று செட் வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்கு எழுதி 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்தில் புகார் போடலாம், செலவில்லை.

பணம் வராமல் நின்றால்

உதவித்தொகை எதுவும் சேரும் நாளில் கைக்கு வராது. முதலாண்டுத் தொகை அடுத்த வருடத் தொடக்கத்தில் வருவதும் உண்டு. முதல் செமஸ்டர் கட்டணத்தைத் தவணையாக வாங்கிக்கொள்ள முடியுமா என்று சேர்க்கைக்கு முன்பே முதல்வருக்கு எழுத்தில் கேளுங்கள், உதவித்தொகை விண்ணப்ப நகலை இணைத்து. கந்துவட்டியில் வாங்கிக் கட்டிவிட்டு உதவித்தொகையில் அடைக்கலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். வட்டி அதைத் தின்றுவிடும்.

இரண்டாம் ஆண்டிலிருந்து புதுப்பிப்பு உண்டு. 12,000 ரூபாய் மத்திய உதவித்தொகைக்கு 75 விழுக்காடு வருகையும் 50 விழுக்காடு மதிப்பெண்ணும் வேண்டும். புதுப்பிப்பதற்கும் கடைசித் தேதி இருக்கிறது, அறிவிப்புப் பலகையில் ஒரு வாரம்தான் தொங்கும்.

தொகை வர வேண்டிய காலம் கடந்தால் மூன்று இடத்தில் வரிசையாகப் பாருங்கள். ஒன்று, தளத்தில் விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது. கல்லூரியிலேயே நின்றால் அலுவலகத்தில் கேளுங்கள். இரண்டு, 'பணம் அனுப்பப்பட்டது' என்று இருந்தால் ஆதார் சீடிங் எந்த வங்கிக்கு இருக்கிறது என்று பாருங்கள். மூன்று, 'தோல்வி' என்று இருந்தால் கணக்கு முடங்கியதா, பெயர் பொருந்தவில்லையா என்று வங்கியில் கேட்டுச் சரிசெய்து, மறுபடி அனுப்பச் சொல்லித் துறை அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் திங்கட்கிழமை காலை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம். மனுவில் விண்ணப்ப எண், யூமிஸ் எண், கல்லூரிப் பெயர், எந்தத் தேதியில் எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை நான்கே வரியில் எழுதி, நிலையைக் காட்டும் திரைப் பிரதியை இணைத்துக் கொடுத்து, மனு எண் வாங்கிக்கொண்டு வாருங்கள்.